கமலேஸ்வரிக்கு ஒரு குறையும் இல்லை

“சுகம் தம்பி, நல்ல சுகம். உங்கட வீட்டில எல்லாரும் எப்பிடி?” என்று படலையடியில் நின்று மீன்காரருக்குப் பதில் சொல்லும்போதே, கமலேஸ்வரியின் இடது கை தோளில் கிடக்கும் துவாயை இழுத்து வலது கையை மூடிவிடும். கேட்டவர் யாரானாலும் இதே பதில்தான், இதே இழுப்புத்தான். தபால்காரருக்கும் இதுதான், கோயில் ஐயருக்கும் இதுதான், வேறு யாரோ வீட்டை விசாரித்து வழி தவறி வந்தவருக்கும் இதுதான். துவாய்க்கு அடியில் இருக்கும் கைக்கு இந்தப் பதில் சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வாயெடுத்தாலும் அதற்குள், “தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்று கமலேஸ்வரி முந்திவிடுவார்.

வயது ஐம்பத்தாறு. அன்புவழிபுரத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாக ஒரு வீடு. கலியாணம் பேசப் பலர் வந்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. “வந்த ஆக்களுக்கெல்லாம் இடியப்பம் அவிச்சுக் குடுத்ததுதான் மிச்சம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மாப்பிள்ளைகள் மறந்துபோனார்கள், இடியப்பத்தை மறக்கவில்லை. அதுவே பிறகு தொழிலாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக விடிவதற்கு முன் இருநூற்றைம்பது இடியப்பம். உட்துறைமுக வீதியில் இறங்குதுறைக்குக் கிட்ட இருக்கும் சாப்பாட்டுக் கடையில் இறங்கும். துறைமுகத்தில் வேலை முடித்துப் பசியோடு வருபவர்கள் தட்டைப் பார்த்ததுமே, “இது அக்காட” என்று சொல்லிவிடுவார்கள். ஓரம் பிசிறாது, நடு தடிக்காது, ஒன்றைத் தூக்கினால் மற்றது ஒட்டிக்கொண்டு வராது.

போன கார்த்திகையில் ஒருநாள் நல்ல மழை. இடியப்பம் ஏற்றிப்போக வரவேண்டிய கடைக்காரரின் மோட்டார் சைக்கிள் வரவில்லை. பெட்டிக்குள் இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிரசாந்தினி கொமினிகேசன் கடையொன்றில் வேலை செய்கிறவள், போனுக்குள் எல்லாம் தெரிந்தவள். அவள்தான் தன்னுடைய போனில் இருந்த செயலியில் ஒரு ஆட்டோவை வரவழைத்தாள். “சத்தம் வைச்சுக் கூப்பிடாமலே வாசலுக்கு வருமோ?” என்று கமலேஸ்வரி அதிசயப்பட்டார். வந்தது. ஓட்டி வந்தவன் சாம்பல்தீவுத் துவாரகன். ஏறி உட்கார்ந்ததும் அவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, போகவேண்டிய இடம் தெரியுமா என்பதல்ல. “சாப்பிட்டீங்களோ தம்பி?” என்பது.

திருகோணமலையில் மான்களுக்கு வீதிச் சட்டம் கிடையாது. கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, மரக்கறிக் கடை வாசலில் கோவா இலை தின்று, பஸ் வந்தால் பஸ்ஸைத்தான் நின்று பார்க்கும். அப்படி ஒன்று அன்றைக்கு நடு வீதியில் நின்றது. துவாரகன் வெட்டித் திருப்பினான். ஈரத் தெருவில் ஆட்டோ பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. இடியப்பப் பெட்டி ஒரு பக்கம், குடை ஒரு பக்கம், கமலேஸ்வரியின் வலது கை ஆட்டோவின் கம்பிக்கு அடியில். மான் மட்டும் அசையவில்லை. கொட்டிக் கிடந்த இடியப்பத்தை மோந்து, இரண்டைத் தின்று பார்த்துவிட்டுத்தான் போனது. கையைப் பற்றிக் கேட்டால் கதையை மாற்றும் கமலேஸ்வரி, இதை மட்டும் ஒரு சொல் குறையாமல் சொல்வார். “சம்பலும் இல்லாம, சொதியும் இல்லாம ரெண்டு தின்டது பாருங்கோ!”

கம்பிக்கு அடியில் கிடந்தபடி அவர் கேட்டது, “தம்பி, உங்களுக்கு ஒண்டும் இல்லையே?” என்றுதான். துவாரகனுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அவருக்குத் தோளோடு சேர்ந்த எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில், நோவு எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று டொக்டர் கேட்டபோது, “நீங்கள் நினைக்கிறதைப் போடுங்கோ ஐயா” என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் வைத்துத்தான் பிரசாந்தினியின் போன் டிங் என்றது. உங்கள் பயணம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் என்று செயலி கேட்டது. பிரசாந்தினிக்கு எரிச்சல் வந்தது. கமலேஸ்வரிக்கு வரவில்லை.

“கேக்கிறாங்கள் எல்லோ பிள்ளை? பதில் சொல்லாட்டி என்ன நினைப்பாங்கள்? அஞ்சையும் குடு.”

“அக்கா, கை முறிஞ்சு கிடக்குது உங்களுக்கு!”

“அதுக்கு அந்தப் பெடியன் என்ன செய்வான்? வீட்டில தங்கச்சி படிக்கிறாளாம். குடு.”

“அப்ப மானுக்கெண்டாலும் ஒண்டைக் குறைப்பம்.”

“அது வாயில்லாச் சீவன்” என்றார் கமலேஸ்வரி. ஐந்து நட்சத்திரமும் போய்ச் சேர்ந்தது.

கைக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு ஒட்டியது. ஆனால் கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்துவிட்டது. இனி இடியப்ப உரல் பிழிகிற வேலை சரிவராது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கண்டி வீதிக் கடையொன்றில் கரண்டில் பிழிகிற மெசின் ஒன்று இருக்கிறது. இடது கையால் பொத்தானை அமர்த்தினால் போதும், மாவைத் தானாகத் தள்ளும். சாப்பாட்டுக் கடைக்காரரும் நல்ல மனிதர். தைப்பொங்கல் தாண்டியும் வேறு ஆளைப் பிடிக்காமல் பொறுத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அந்தச் செயலியில் பயணம் செய்கிற எல்லோருக்கும் காப்புறுதி உண்டு என்று கண்டுபிடித்தவள் பிரசாந்தினி. நட்டஈடு கிடைத்தால் மெசின் வீட்டுக்கு வரும். கிடைக்காவிட்டால் கமலேஸ்வரி வவுனியாவுக்குப் போகவேண்டும்.

வவுனியாவில் தம்பி இருக்கிறார். “இனி என்னத்துக்குத் தனியக் கிடக்கிறாய்? வந்து எங்களோடயே இரு” என்று கிழமைக்கு இரண்டு தரம் போனில் கூப்பிடுகிறார். தம்பியும் தங்கம், தம்பி பெண்சாதியும் தங்கம். அதுதான் கமலேஸ்வரிக்குப் பயம். “விருந்தும் மருந்தும் மூண்டு நாள் எண்டு சும்மாவே சொன்னவை?” வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டவர், இனி இன்னொருவர் வீட்டுக் கதிரையின் நுனியில் இருந்து, தருகிற நேரம் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவேண்டும். தகடு வைத்த இடத்தைவிட அந்த நினைப்பு அவருக்கு அதிகம் நோகும்.

இப்படி ஒரு நெருக்கடியில் இருப்பவருக்குத்தான் கொழும்புக் காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தாள். எல்லாம் பதிவாகும் என்று முதலே சொல்லிவிட்டாள். கமலேஸ்வரி அதைக் கேட்டுக் குரலை இன்னும் கொஞ்சம் மரியாதையாக்கிக்கொண்டார்.

“எப்பிடி இருக்கிறீங்க அம்மா?”

“நல்ல சுகம் பிள்ளை. நீங்கள் எப்பிடி? சாப்பாடாச்சோ?”

“கை இப்ப எப்பிடி?”

“கடவுளே எண்டு ஒரு குறையும் இல்லை.”

“வேலை செய்ய ஏலுமா?”

“செய்யத்தானே வேணும் பிள்ளை.”

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரி தாம் நல்ல சுகத்துடன் இருப்பதாகவும், கையில் குறை எதுவும் இல்லை எனவும், தொழிலைத் தொடர்வதாகவும் தாமே தெரிவித்துள்ளார். குறித்த பயணத்துக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கித் திருப்தியையும் வெளியிட்டுள்ளார். ஆகையால் நட்டஈடு வழங்குவதற்கில்லை.

வாசித்து முடித்த பிரசாந்தினி கடிதத்தால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “சுகம் எண்டு சொன்னனீங்களோ?”

“சுகமோ எண்டு கேட்டா வேற என்னத்தைச் சொல்லுறது? முன்பின் தெரியாத பிள்ளை. பாவம், அதுகும் எத்தினை பேருக்குப் போன் எடுக்கவேணும்.” கொஞ்ச நேரம் கழித்துத் துவாயைச் சரிசெய்தபடி சொன்னார். “கையே இல்லாத சனம் இருக்கிற ஊர் இது பிள்ளை. பிள்ளையைக் காணேல்லை எண்டு வருசக்கணக்கா அலைஞ்ச சனம் இருக்கிற ஊர். நான் தோளைப் பிடிச்சுக்கொண்டு ஒப்பாரி வைக்கிறதோ?”

பிரசாந்தினி கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு, “அவையின்ர நோவை நீங்கள் குறைச்சனீங்களோ? இல்லைத்தானே. உங்கட கையைப் பற்றித்தான் கேக்கிறாங்கள். அதை மட்டும் சொல்லுங்கோ” என்றாள்.

அவள் விடவில்லை. எக்ஸ்ரே, பொலிஸ் முறைப்பாடு, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் பிரதி எடுத்து மேன்முறையீடு அனுப்பினாள். நேரிலேயே ஒரு உத்தியோகத்தர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை. இடையில் எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் ஒத்திகை நடந்தது.

பிரசாந்தினி தகப்பனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் உத்தியோகத்தராக இருப்பாள். “எப்பிடி அம்மா இருக்கிறீங்கள்?” கமலேஸ்வரி வாயைத் திறப்பார், மூடுவார், கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார், பிறகு எழும்பி உத்தியோகத்தருக்குத் தேத்தண்ணி போடப் போய்விடுவார். “நோகுது எண்டு சொல்லுங்கோ” என்றால், சொல்லுவார். சொல்லும்போது குரல் பொய் சொல்லுகிறவரின் குரல்போல உள்ளே போகும். உண்மையைச் சொல்ல இவ்வளவு கூச்சப்பட்ட மனிதரை அந்த ஒழுங்கையில் யாரும் கண்டதில்லை.

ஆளில்லாத நேரத்தில் தனியாகவும் பழகினார். குசினியில் கவிழ்த்து வைத்திருந்த இடியப்ப உரலைப் பார்த்து, “நோகுது” என்பார். உரல் ஒன்றும் கேட்காது, தேத்தண்ணியும் குடிக்காது. அதனால் அதனிடம் சொல்வது சுகமாக இருந்தது. துணிவு வந்து, வெள்ளிக்கிழமை மீன்காரரிடமே பரீட்சித்துப் பார்த்தார். “சுகமோ அக்கா?” என்று அவர் கேட்டதும், கண்ணை இறுக்கி மூடி, “இல்லை” என்று சொல்லிவிட்டார். மீன்காரர் பதறிப்போனார். சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு, “என்னக்கா, என்ன நடந்தது? ஆஸ்பத்திரிக்குப் போவமோ?” என்று படலையைத் திறந்துகொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கமலேஸ்வரிக்கு மனம் தாளவில்லை. “ஐயோ தம்பி, சும்மா பகிடிக்குச் சொன்னனான்” என்று சமாளித்து, அவரைப் பயப்படுத்திய குற்றத்துக்காக வெள்ளிக்கிழமை விரதத்தோடேயே அரைக் கிலோ சூடை மீன் வாங்கினார். அதைப் பிரசாந்தினி வீட்டார் பொரித்துச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிரசாந்தினி மூன்று கட்டளை போட்டிருந்தாள். சுகம் என்ற சொல் வரக்கூடாது. கையை மூடுகிற துவாய் வரக்கூடாது. முக்கியமாக, இடியப்பம் வரக்கூடாது. “அவர் ஒரு இடியப்பத்தைக் கண்டாரோ, வேலை செய்யிறா எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவார்.” கமலேஸ்வரி மூன்றுக்கும் ஓம் என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவரின் ஓம் அது.

பதினொரு மணிக்கு உத்தியோகத்தர் வந்தார். பெயர் நஸ்ரி, கிண்ணியாக்காரர், நாற்பது வயதிருக்கும். நொண்டாதவர்கள் நொண்டுவதையும், முறியாத கைக்குக் கட்டுப் போட்டு வருவதையும் பார்த்துப் பார்த்து அலுத்த கண். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே வீட்டையும் ஆளையும் ஒரு தரம் அளந்தார். கமலேஸ்வரி நல்ல சட்டை போட்டிருந்தார். தோளில், நீலக்கரை போட்ட புதுத் துவாய். பிரசாந்தினி அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“எப்பிடி இரிக்கீங்க அம்மா?” என்றார் நஸ்ரி.

பிரசாந்தினி இருமினாள். கமலேஸ்வரிக்கு எட்டு நாள் பாடமும் ஞாபகம் வந்தது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கினார். விழுங்கிய இடத்தில் வேறொன்று வைக்கவேண்டுமே. “நல்ல வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்கள் தம்பி, முதல்ல கொஞ்சம் சாப்பிடுங்கோ” என்று குசினிக்குள் போய், தேத்தண்ணியையும் சொதியையும் சம்பலையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கடைசியில் மூடியிருந்த தட்டொன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

பத்து இடியப்பம். விடிய நாலு மணிக்கு எழும்பி, உரலை நெஞ்சோடு அணைத்து, இடது கையால் ஒன்றரை மணித்தியாலம் பிழிந்தது. ஒன்று தடித்திருந்தது, ஒன்று காகக்கூடுபோல் கலைந்திருந்தது, ஒன்று தட்டைவிட்டு வழிந்திருந்தது. “வடிவு காணாது தம்பி, மன்னிக்கவேணும். வெறும் கையோட ஆளை அனுப்பிப் பழக்கமில்லை” என்றார். பிரசாந்தினி கதவு நிலையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நஸ்ரிக்குக் காலைச் சாப்பாடு இல்லைப் போலிருக்கிறது. சொதியை ஊற்றிப் பிசைந்தார். “நல்லாரிக்கு” என்றார். சாப்பிட்டபடியே இடது கையால் பைலைத் திறந்து, சாப்பாட்டுக் கையைத் தட்டின் ஓரத்தில் துடைத்துவிட்டு ஏதோ எழுதினார். தலைகீழாக வாசிக்கப் பழகிய பிரசாந்தினி கிட்ட வந்து அதை வாசித்தாள். விண்ணப்பதாரி இடியப்பம் தயாரிக்கிறார்.

“கையைத் தலைக்கு மேல தூக்க ஏலுமா அம்மா?”

“கொஞ்சம் கொஞ்சமா வரும் தம்பி” என்றார் கமலேஸ்வரி, பரீட்சையில் பெயிலான பிள்ளைக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பதுபோல. நஸ்ரி அதற்கும் ஒரு அடையாளம் போட்டார். மெசின் கண்டி வீதிக் கடையிலேயே நின்றுவிடும் என்று பிரசாந்தினிக்குத் தெரிந்துவிட்டது. கமலேஸ்வரிக்கும் தெரிந்தது. வவுனியாக் கதிரையின் நுனி கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும், “இன்னும் ஒண்டு வைச்சுக்கொள்ளுங்கோ” என்றுதான் அவர் வாய் சொன்னது.

சம்பலின் உறைப்போ, சாப்பாட்டுக்கு நடுவே கதைத்ததோ, நஸ்ரிக்குப் புரையேறிவிட்டது. முகம் சிவந்து, கண் கலங்கி, தேத்தண்ணிக் கோப்பையைத் தேடிய கை அதை அப்படியே பைலின் மேல் தட்டிவிட்டது.

“ஆரோ நினைக்கினம்! ஆரோ நினைக்கினம்!” கமலேஸ்வரி எழும்பிவிட்டார். அந்த வீட்டில் யாருக்குப் புரையேறினாலும் உச்சந்தலையில் மூன்று தட்டு உண்டு. எத்தனையோ வருடமாக அது வலது கையின் வேலை. கையும் அவரிடம் உத்தரவு கேட்கவில்லை. துவாய்க்குள்ளிருந்து புறப்பட்டு, நஸ்ரியின் தோள்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. “அம்மோய்” என்றொரு சத்தம் கேட்டது. அது தன்னுடைய சத்தம் என்று அவருக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. இடது கையால் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். இன்னும் ஒரு சாண் போகவேண்டும். போகவில்லை. இடது கையாலேயே தட்டியிருக்கலாம், அது தோன்றவில்லை.

இருமிக்கொண்டே நஸ்ரி அண்ணாந்து பார்த்தார். எட்டாமல் நின்ற அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கதிரையில் சரிந்து, தலையை நன்றாகக் குனிந்து, கைக்குக் கீழே கொண்டுவந்து கொடுத்தார். மூன்று தட்டு விழுந்தது. இருமல் நின்றது.

நஸ்ரி கண்ணைத் துடைத்தார். “எங்கட உம்மாவும் இப்பிடித்தான் தட்டுவாங்க” என்றார். பிறகு, படிவத்தைப் பார்க்காமல், ஆளைப் பார்த்துக் கேட்டார். “நோவுதா அம்மா?”

பிரசாந்தினி இந்தத் தரம் இருமவில்லை.

“ஓம் தம்பி” என்றார் கமலேஸ்வரி. குரல் உள்ளே போகவில்லை. “நோகுது. திரும்பிப் படுக்க ஏலாது. சீப்பெடுத்துத் தலை இழுக்க ஏலாது, இந்தப் பிள்ளைதான் வந்து இழுத்துவிடுகிறவள். இந்தப் பத்தையும் பிழிய ஒண்டரை மணித்தியாலம் சென்டது. சரியா நோகுது தம்பி.” சொல்லி முடித்தபோது கண் நிறைந்துவிட்டது. சொல்லிவிட்டோமே என்ற வெட்கமும், சொல்லிவிட்டோம் என்ற ஆறுதலும் அந்த முகத்தில் ஒன்றாக இருந்தன.

நஸ்ரி பேனையை எடுத்து, எழுதியிருந்ததை ஒரே கோட்டில் வெட்டினார். புதிதாக எழுதப் போனார். தேத்தண்ணியில் ஊறிய தாளில் மை பரவத் தொடங்கியது.

“பொறுங்கோ, பொறுங்கோ, கடதாசி பழுதாப் போகும்” என்று கமலேஸ்வரி தோளில் கிடந்த துவாயை உருவி எடுத்து, பைலை ஒற்றி ஒற்றித் துடைத்தார். மெலிந்து, நீளத் தழும்போடு, அவருடைய வலது கை எல்லோரும் பார்க்க மேசைமேல் கிடந்தது.